எதிரியும் ஏமாந்தான், நண்பனும் ஏமாந்தான்! விமான மேதை கர்ட் டாங்க் வரலாறு

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந் தேதி சென்னை மெரினா கடற்கரையில் விமானப் படையின் சாகசக் காட்சி நடந்தது. மணலில் கால் வைக்க இடம் இல்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

விர்ரென்று ஒரு விமானம் வரும். ஒருவர் அதை ரபேல் என்பார். பக்கத்தில் இருப்பவர் இல்லை, தேஜஸ் என்பார். வழக்கு தீருவதற்குள் விமானம் கடலுக்கு அப்பால் மறைந்துவிடும்.

இரண்டுக்கும் முக்கோண இறக்கை. தூரத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனால் ரபேலுக்கு விமானி உட்காரும் இடத்தை ஒட்டி இரண்டு குட்டி இறக்கைகள் உண்டு, எஞ்சின் இரண்டு. தேஜசுக்குக் குட்டி இறக்கை கிடையாது, எஞ்சின் ஒன்றுதான். இது தெரிந்தவர் ஏமாறமாட்டார்.

கடற்கரையில் ஏமாந்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. யுத்தத்தில் ஏமாந்தால் உயிர் போய்விடும். எதிரியை நண்பன் என்று விட்டுவிட்டால் ஊர் எரியும். நண்பனை எதிரி என்று சுட்டுவிட்டால் சொந்தப் பிள்ளையே சாவான்.

விமானங்கள் அடையாளம் மாறிய கதைகளைப் புரட்டிப் பார்த்தால் ஒருவருடைய பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அவர் செய்த புது விமானத்தைப் பழைய விமானம் என்று நினைத்து எதிரிகள் ஏமாந்தார்கள். அவருடைய விமானம் என்று நினைத்துத் தங்கள் விமானத்தையே சுட்டவர்களும் உண்டு. அவரே ஒரு சமயம் பெயரை மாற்றிக்கொண்டு கடல் கடந்து போனார். கடைசியில் இந்தியாவுக்கு வந்தார். நம் நாட்டில் உருவான முதல் ஜெட் சண்டை விமானத்தை அமைத்துக் கொடுத்தார்.

அவர்தான் ஜெர்மன் நிபுணர் கர்ட் டாங்க்.

டாங்க் என்ற பெயரைக் கேட்டதும் பூந்தமல்லி, சென்னீர்குப்பம் பக்கத்து ஜனங்களுக்குப் பக்கத்து ஊரான ஆவடிதான் ஞாபகத்துக்கு வரும். ஆவடியில் டாங்கி செய்யும் பெரிய ஆலை இருக்கிறது. 1965-ம் ஆண்டில் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளிவந்தது. ஆவடி டாங்கி தரையில் உருண்டது. இந்த டாங்க் செய்ததெல்லாம் ஆகாயத்தில் பறந்தது!

குதிரைப் படை வீரர்

1898-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி புரோம்பர்க் என்ற ஊரில் டாங்க் பிறந்தார். அந்த ஊர் அப்போது ஜெர்மனியைச் சேர்ந்திருந்தது. இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.

முதல் உலக யுத்தம் மூண்டது. வாலிபர் டாங்குக்கு விமானப் படையில் சேர ஆசை. ராணுவக் குடும்பத்தில் வந்த தந்தை ஒப்புக்கொள்ளவில்லை. மகன் குதிரைப் படையில்தான் சேரவேண்டும் என்று சொல்லிவிட்டார். மகனும் அப்படியே சேர்ந்தார்.

யுத்தம் முடிந்ததும் டாங்க் பெர்லினில் பொறியியல் படித்தார். எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்களைச் செய்து பறப்பதற்காக மாணவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். விமானம் ஓட்டவும் பழகிக்கொண்டார். காகிதத்தில் படம் போடுவது, அதை விமானமாகச் செய்வது, செய்ததைத் தாமே ஏறி ஓட்டிப் பார்ப்பது — மூன்றையும் ஒருவரே செய்வது அபூர்வம். டாங்க் கடைசி வரையில் அப்படித்தான் இருந்தார்.

1931-ல் பிரெமன் நகரத்தில் இருந்த போக்-உல்ப் கம்பெனியில் சேர்ந்தார். சில வருஷங்களிலேயே அவருடைய பெயர் பரவியது. அவர் அமைத்த காண்டார் என்ற நான்கு எஞ்சின் பிரயாணி விமானம், 1938 ஆகஸ்டில் பெர்லினில் கிளம்பி எங்கும் இறங்காமல் நியூயார்க் போய்ச் சேர்ந்தது. பிடித்த நேரம் சுமார் 25 மணி. உலகமே வியந்தது.

அப்போது ஜெர்மனியின் பிரதான சண்டை விமானம் மெஸ்ஸர்ஸ்மிட் 109. இங்கிலாந்துக்கு ஸ்பிட்பயர். இரண்டும் பந்தயக் குதிரைகள் என்பது டாங்கின் எண்ணம். வேகமாக ஓடும்; ஆனால் கொஞ்சம் அடிபட்டாலும் படுத்துவிடும். சேற்றிலும் மேட்டிலும் ஓடக்கூடிய படைக்குதிரை ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். குதிரைமேல் இருந்து யுத்தம் பார்த்தவர் அல்லவா?

அப்படிப் பிறந்ததுதான் போக்-உல்ப் 190. 1939 ஜூன் 1-ந் தேதி அது முதல் முறையாகப் பறந்தது. முன்னால் தட்டையான மூக்கு. அதற்குள் காற்றால் குளிரும் வட்ட எஞ்சின். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் ஒரு குண்டு பட்டுத் தண்ணீர் ஒழுகினால் ஆட்டம் முடிந்தது. இந்த எஞ்சினுக்கு அந்தப் பயம் இல்லை. கரடுமுரடான மைதானத்திலும் இறங்குவதற்காகச் சக்கரங்கள் நன்றாக அகன்று இருந்தன.

பழைய விமானமா?

1941 செப்டம்பரில் பிரான்சுக்கு மேலே பறந்த பிரிட்டிஷ் விமானிகள் ஒரு புதுமையைக் கண்டார்கள். தட்டை மூக்குள்ள ஒரு சண்டை விமானம் வந்தது. ஸ்பிட்பயரைவிட வேகமாக ஓடியது. கரணம் போடுவதிலும் மிஞ்சியது.

திரும்பி வந்து மேலதிகாரிகளிடம் சொன்னார்கள். அதிகாரிகள் நம்பவில்லை. ஜெர்மன் சண்டை விமானம் என்றால் கூர்மூக்கு என்பது அவர்கள் கணக்கு. தட்டை மூக்கு உள்ளது அமெரிக்காவின் பழைய கர்ட்டிஸ் விமானம். பிரான்ஸ் அதை வாங்கி வைத்திருந்தது. பிரான்ஸ் வீழ்ந்தபோது ஜெர்மானியரிடம் சிக்கியிருக்கும். அதைத்தான் பையன்கள் பார்த்திருப்பார்கள் என்று முடிவு கட்டினார்கள்.

பழைய வண்டி என்று நினைத்தது புதுப் புலி என்று தெரிவதற்குள் பல விமானிகள் மடிந்தார்கள்.

அந்தப் புலி எப்படி இருக்கும் என்று பிரிட்டிஷார் தவித்துக்கொண்டிருந்தபோது, அது தானாகவே அவர்கள் வாசலில் வந்து நின்றது! 1942 ஜூன் 23-ந் தேதி அர்மின் பேபர் என்ற ஜெர்மன் விமானி ஒரு சண்டைக்குப் பிறகு திசை தவறினார். கீழே தெரிந்த பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று நினைத்தார். அதைத் தாண்டினால் பிரான்ஸ் என்பது அவர் எண்ணம். வெற்றி மகிழ்ச்சியில் ஒரு கரணமும் போட்டுவிட்டு, கண்ணில் பட்ட விமான மைதானத்தில் இறங்கினார்.

அது வேல்ஸ் நாட்டிலுள்ள பெம்பிரே மைதானம். பிரிட்டிஷ் விமானப் படைக்குச் சொந்தம்! காவலில் இருந்த பிரிட்டிஷ் விமானியின் கையில் சமிக்ஞை காட்டும் துப்பாக்கிதான் இருந்தது. அதை நீட்டியே பேபரைப் பிடித்துவிட்டார்.

விமானத்தைக் கண்டு ஏமாந்தது போக, இப்போது மண்ணையும் கடலையும் கண்டு ஒருவர் ஏமாந்தார். அந்த ஏமாற்றத்தால் பிரிட்டிஷாருக்கு டாங்கின் வித்தை முழுவதும் தெரிந்தது.

சொந்தக் கையே சுட்டது

கதை இதோடு முடியவில்லை. அதே சமயத்தில் பிரிட்டிஷார் டைபூன் என்ற புது விமானத்தை யுத்தத்தில் இறக்கினார்கள். அதற்கும் பருத்த மூக்கு, தாழ்ந்த இறக்கை. சில கோணங்களில் பார்த்தால் அசல் போக்-உல்ப் 190 போலவே இருந்தது.

விளைவு விபரீதம். பிரிட்டிஷ் பீரங்கிகளும் ஸ்பிட்பயர்களும் டைபூன்களைச் சுட்டன. சொந்தக் குண்டுக்குச் சொந்த வீரர்கள் பலியானார்கள். பிறகுதான் டைபூன் இறக்கையின் அடியில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்தார்கள். நம் ஊரில் லெவல் கிராசிங் கம்பத்தில் அடிப்பது போல!

ஜெர்மானியருக்கும் அந்தக் கதி வந்தது. 1945-ல் தங்கள் ஜெட் விமானங்கள் ஏறி இறங்கும்போது காவல் காக்க, டாங்கின் விமானங்களைப் பறக்கவிட்டார்கள். சொந்த பீரங்கிப் படையே சுட்டுவிடுமோ என்ற பயம். அவற்றின் அடிவயிற்றில் சிவப்புச் சாயம் பூசி, வெள்ளைக் கோடு போட்டார்கள்.

நாலு அடையாளம்

இந்த ஆபத்தைத் தவிர்க்க ஒரு படிப்பே உண்டாயிற்று. விமானத்தைக் கறுப்பு நிழலுருவமாக அட்டையில் அச்சடித்தார்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியிலிருந்து பார்ப்பது ஒன்று. பீரங்கி வீரர்களும், வானத்தைக் காவல் காத்த தொண்டர்களும் அதைப் பார்த்துப் பாடம் படித்தார்கள்.

நாலு விஷயம் பார்க்கச் சொன்னார்கள். இறக்கை, எஞ்சின், உடல், வால். இறக்கை மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? எஞ்சின் எத்தனை? உடல் தடித்ததா, மெலிந்ததா? வாலின் குறுக்குத் தகடு எந்த உயரத்தில் இருக்கிறது?

அமெரிக்காவில் ஓஹியோ மாநிலப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் சாமுவேல் ரென்ஷா வேறு வழி சொன்னார். நம் தெருக்காரரைப் பார்த்ததும் மூக்கு, காது என்று எண்ணியா பெயர் சொல்லுகிறோம்? முழு முகமும் ஒரே பார்வையில் மனதில் பதிகிறது. விமானத்தையும் அப்படியே பார்க்கவேண்டும் என்றார். திரையில் விமானப் படத்தைக் கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாகக் காட்டிக் காட்டிப் பழக்கினார்.

பெயர் மாறினார்

1943-ல் டாங்குக்குக் கௌரவப் பேராசிரியர் பட்டம் கிடைத்தது. அவர் பெயரின் முதல் எழுத்துக்களைப் புது விமானங்களுக்கு வைத்தார்கள். டா 152 என்பது அவற்றில் ஒன்று. ஒரு நாள் அதை அவரே ஓட்டிப் போனபோது அமெரிக்காவின் மஸ்டாங் விமானங்கள் துரத்தின என்றும், எஞ்சினுக்குக் கூடுதல் பலம் கொடுக்கும் விசையைத் தட்டிவிட்டு அவர் தப்பினார் என்றும் சொல்வார்கள்.

புகழுக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அவருடைய திறமை முழுவதும் ஹிட்லர் ஆட்சியின் யுத்தத்துக்குப் பயன்பட்டது. போக்-உல்ப் ஆலைகளில் பிற நாட்டு ஜனங்களைப் பிடித்து வந்து கட்டாய வேலை வாங்கினார்கள். 20 ஆயிரம் போக்-உல்ப் 190 விமானங்களுக்குப் பின்னால் அந்தக் கண்ணீரும் இருக்கிறது.

1945-ல் ஜெர்மனி தோற்றது. விமானம் செய்யக் கூடாது என்று தடை வந்தது. டாங்க் பல நாடுகளோடு பேசிப் பார்த்தார். காரியம் பலிக்கவில்லை. 1947-ல் பெட்ரோ மத்தியெஸ் என்ற பெயரில் தென் அமெரிக்காவிலுள்ள அர்ஜென்டினாவுக்குப் போய்ச் சேர்ந்தார். உலகத்துக்கே தெரிந்த விமான மேதை, தம்மை யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்று பிரயாணம் செய்தார்!

அங்கே கோர்டோபா நகரத்தில், ஜனாதிபதி பெரோனின் ஆதரவில் புல்கி-2 என்ற ஜெட் விமானத்தை அமைத்தார். 1950-ல் அது பறந்தது. பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, மூக்கில் காற்று புகும் வாய், உயர்ந்த வால்.

அதே வருஷம் கொரியா யுத்தத்தில் ரஷ்யாவின் மிக்-15 தலை காட்டியது. அதற்கும் சாய்ந்த இறக்கை, மூக்கில் வாய், உயர்ந்த வால்! ஜெர்மனியில் டாங்கின் அலுவலகம் தயாரித்த படத்தை ரஷ்யர்கள் காப்பி அடித்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பியது. ரஷ்யர்கள் மறுத்தார்கள். நன்றாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். புல்கிக்கு இறக்கை உடலின் மேல் பகுதியில் இருக்கும். வாலின் குறுக்குத் தகடு உச்சியில் இருக்கும். மிக்-15 விமானத்துக்கு இறக்கை நடுவில். குறுக்குத் தகடு உச்சிக்குக் கொஞ்சம் கீழே. ஒரே மாதிரி வேலைக்கு ஒரே மாதிரி உருவம் அமைவது இயற்கைதானே?

அதே கொரியாவில் அமெரிக்காவின் சேபர் விமானமும் மிக்-15 போலத் தெரிந்தது. குழப்பம் வராமல் இருக்க, சேபருக்குக் கறுப்புக் கரை வைத்த மஞ்சள் பட்டை அடித்தார்கள்.

புல்கியின் சோதனைகளில் இரண்டு விமானிகள் பலியானார்கள். 1955-ல் பெரோன் ஆட்சி கவிழ்ந்தது. டாங்குக்கு மறுபடியும் வேலை இல்லை.

பெங்களூருக்கு வந்தார்

அந்தச் சமயத்தில் இந்தியா ஒரு நிபுணரைத் தேடிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஜெட் சண்டை விமானம் செய்யவேண்டும் என்பது பிரதமர் நேரு சர்க்காரின் ஆசை. பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வி. எம். காட்கே தலைமையில் எச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தை 1951-லேயே பறக்கவிட்டிருந்தார்கள். ஆனால் ஜெட் சண்டை விமானம் வேறு ஜாதி.

1956 ஆகஸ்டில் டாங்க் பெங்களூருக்கு வந்தார். அவரோடு சுமார் 18 ஜெர்மானிய நிபுணர்கள் வேலை செய்தார்கள். இந்தியப் பொறியாளர்கள் பக்கத்தில் இருந்து கற்றுக்கொண்டார்கள். சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்த ராமேசுவரம் வாலிபர் அப்துல் கலாம் பயிற்சிக்குப் போனதும், 1950-களின் பிற்பகுதியில், இதே தொழிற்சாலைக்குத்தான்.

விமானப் படை கேட்டது சாமானியமானது அல்ல. சத்தத்தின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு வேகம்; 60 ஆயிரம் அடி உயரம்! டாங்க் அவசரப்படவில்லை. முதலில் அதே அளவில், அதே உருவத்தில் மரத்தால் ஒரு கிளைடர் செய்தார். 1959-ல் அதை டகோட்டா விமானத்தில் கட்டி இழுத்து மேலே கொண்டுபோய் விட்டுச் சோதித்தார்கள். மாணவனாக இருந்தபோது கிளைடரில் கற்ற பாடம் 60 வயதிலும் கைகொடுத்தது.

1961 ஜூன் 17-ந் தேதி எச்.எப்.-24 ஜெட் விமானம் பெங்களூரில் பறந்தது. ஓட்டியவர் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ். ஒரு வாரத்துக்குள் ராணுவ மந்திரி கிருஷ்ண மேனன் முன்னிலையில் அது பறந்து காட்டியது. அதற்கு மருத் என்று பெயர் வைத்தார்கள். வேதத்தில் வரும் புயல் தேவர்களின் பெயர் அது. மாருதம் என்றால் காற்று என்பது தமிழர்களுக்கும் தெரிந்ததுதான்.

இதயம் கிடைக்கவில்லை

மருத்தைப் பார்த்தவர்கள் அதன் அழகில் சொக்கினார்கள். ஊசி மூக்கு, ஒடுங்கிய இடை, 45 டிகிரி சாய்ந்த இறக்கை. இரண்டு மடங்கு வேகத்துக்கென்றே பிறந்த உருவம்.

ஆனால் உள்ளே இருந்த இதயம் வேறு. டாங்க் நம்பியிருந்த பலமான எஞ்சினைச் செய்வதைப் பிரிட்டிஷ் கம்பெனி பாதியில் நிறுத்திவிட்டது. மேற்கொண்டு செய்யும் செலவை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. இந்தியா ஏற்கவில்லை. சிறிய நாட் விமானத்தில் ஒன்றாகப் பொருத்திய ஆர்பியஸ் ஜாதி எஞ்சினையே இரண்டாகப் பொருத்தி மருத்தைப் பறக்கவிட்டார்கள்.

வேறு எஞ்சினுக்கு எங்கெங்கோ அலைந்தார்கள். எகிப்து நாட்டில் ஒரு ஜெட் விமானத்துக்காகப் புது எஞ்சின் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த விமானத்தை அமைத்தவர் யார் தெரியுமா? டாங்கின் பழைய போட்டியாளர் மெஸ்ஸர்ஸ்மிட்! 1967-ல் எகிப்துக்கு ஒரு மருத்தைக் கொண்டுபோய் அந்த எஞ்சினைப் பொருத்திப் பறந்தும் பார்த்தார்கள். பிறகு எகிப்து அந்தத் திட்டத்தையே கைவிட்டது.

சத்தத்தை இரண்டு மடங்கு மிஞ்ச வேண்டிய மருத், சாதாரணமாகச் சத்தத்தின் வேகத்தைக்கூட மிஞ்ச முடியாமல் நின்றது. எஞ்சினுக்குக் கூடுதல் பலம் சேர்க்கும் முயற்சியில், 1970 ஜனவரி 10-ந் தேதி, அதை முதலில் ஓட்டிய சுரஞ்சன் தாசே விபத்தில் மாண்டார்.

உருவத்தைப் பார்த்து வேகத்தைச் சொல்ல முடியாது. 1941-ல் எதிரிகள் பட்ட ஏமாற்றம் அது. பழையது என்று நினைத்தது மிஞ்சியது. இருபது வருஷம் கழித்து, மிஞ்சும் என்று நினைத்தது பின்தங்கியது. இரண்டும் ஒரே மனிதர் செய்தவை.

யுத்தத்தில் மருத்

ஆனாலும் மருத் வீண் போகவில்லை. பயிற்சி விமானங்களையும் சேர்த்து 147 விமானங்கள் செய்தார்கள். 1971 டிசம்பர் யுத்தத்தில் ராஜஸ்தான் பாலைவனத்துக்கு மேலே அவை தாழப் பறந்து தாக்கின. தாழப் பறக்கும்போது ஆடாமல் அசையாமல் நிற்கும் குணம் அதற்கு இருந்தது. ஒரு எஞ்சினில் குண்டு பட்டும் மறு எஞ்சினால் வீடு திரும்பியதும் உண்டு. ஆகாயச் சண்டையில் ஒரு மருத்தைக்கூட எதிரி வீழ்த்தவில்லை. பந்தயக் குதிரையாகத் தொடங்கியது, கடைசியில் டாங்கின் மனதுக்குப் பிடித்த படைக்குதிரை ஆகிவிட்டது.

அந்த யுத்தத்தில் சாய்ந்த இறக்கை விமானங்கள் இரு பக்கமும் பறந்தன. பாகிஸ்தானின் சேபருக்கு மூக்கிலேயே வாய். நம் ஹண்டருக்கு இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வாய். பின்னால் ஒரே குழல். நாட் மிகச் சிறியது, இறக்கை தோளில். மருத்துக்கு விலாவின் இரு பக்கமும் வாய். பின்னால் ஜோடிக் குழல். பீரங்கிக்காரர் இதைப் பார்த்துச் சொல்லக் கிடைத்தது சில விநாடிதான்.

1967-ல் டாங்க் இந்தியாவை விட்டு ஜெர்மனிக்குத் திரும்பினார். விமானக் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லி வந்தார். 1983 ஜூன் 5-ந் தேதி மியூனிக் நகரத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85. மருத்தும் 1990-க்குள் ஓய்வு பெற்றுவிட்டது.

பெங்களூர் விமானக் காட்சிச்சாலையில் ஒரு மருத் நிற்கிறது. டாங்க் கண் மூடிய மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைம் காட்சிச்சாலையிலும் ஒன்று நிற்கிறது. பெங்களூர் போகிறவர்கள் பலகையைப் படிக்காமலே அதைக் கண்டுபிடிக்கலாம். ஊசி மூக்கு, ஒடுங்கிய இடை, விலாவில் இரண்டு வாய். பின்பக்கம் போய்ப் பார்த்தால் ஜோடிக் குழல். அந்தக் குழல்களுக்குள்தான் டாங்க் கேட்டது வேறு, கிடைத்தது வேறு.